வண்டி நின்ற பிறகு கேட்ட சத்தம்

போன மாதம் நீங்கள் ஆறேழு பேர் திண்டுக்கல் நாகல் நகரில் என் வீட்டைத் தேடி வந்தீர்கள். ஆட்டோக்காரர் உங்களை நாலு தெரு சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் நீங்கள் ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டதாகப் புலம்பினீர்கள். பிரியாணியை ஒரு பிடி பிடித்த பிறகு புலம்பல் நின்றது. கை கழுவிக்கொண்டே, "சார், நம்ம வேலைக்குப் புதுசா சேர்ந்தவங்க படிக்கிற மாதிரி உங்க அனுபவம் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றீர்கள். வீட்டில் சோறு சாப்பிட்டவர் கேட்டதை இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஆகையால் எழுதுகிறேன். விதிமுறைகளை எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் மச்சானைப் பற்றிச் சொல்லித்தர மாட்டார்கள்.

மச்சான் என்றால் என் மனைவி கோமதியின் அண்ணன், செல்வராசு. எங்கள் கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவரைத்தான் கேட்டார்கள். நான் சரக்கு விமானத்தில் லோட் மாஸ்டர், சரக்கோடு கூடவே பறப்பவன் என்று அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தேன். அவர் பந்தியில் நின்று, "மாப்ள ஏரோப்ளேன்ல லோடு ஏத்துறாரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் முகம் சுருங்கிப்போனது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சந்தையில் மூட்டை ஏற்றுகிறவரும் நாமும் ஒரே சாதித் தொழில்தான். அவர் ஏற்றிய மூட்டை சரிந்தால் ரோட்டில் தக்காளி ஓடும். நாம் ஏற்றியது சரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் வித்தியாசம்.

என்ன ஆகும் என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்குப் போகலாம். தாடிக்கொம்பு, அகரம் பக்கத்தில் மாட்டு வண்டி ஓட்டிய எவரையாவது கேளுங்கள், முன்பாரம் பின்பாரம் என்று சொல்வார்கள். பாரம் முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, மாடு கழுத்துக் கயிற்றில் தொங்கி, வண்டி குடை சாயும். விமானமும் அதே வண்டிதான். ஓடுபாதையில் ஓடி மூக்கைத் தூக்குகிற நேரம், உள்ளே கட்டாமல் கிடப்பதெல்லாம் வாலைப் பார்த்து நகரும். வால் கனத்தால் மூக்கு இன்னும் தூக்கும். மூக்கு தூக்கினால் மிச்சமும் பின்னால் ஓடும். விமானி இறக்கிப் பார்ப்பார், இறங்காது. இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். நல்ல உயரத்தில் இது நடந்தால் சமாளிக்க ஏதாவது வழி பார்க்கலாம். தரையை விட்டுக் கிளம்பும்போது நடந்தால் கீழே இடமும் இல்லை, கையில் நேரமும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான கேப்டன் இருந்தார். பேச்சு கம்மி, மூக்குப்பொடி ஜாஸ்தி. சரக்கு ஏற்றி முடித்ததும் உள்ளே வந்து, வாலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். "நான் மூக்கைத் தூக்கினா இதுல எவன்டா முதல்ல எந்திரிச்சு ஓடுவான்?" எடை எவ்வளவு என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. அதற்குத் தராசு இருக்கிறது என்பார். எவன் ஓடுவான் என்று தராசு சொல்லாது, அதை நீதான் சொல்லணும் என்பார். பாரத்தைக் கண்டு பயப்படாதே, நடக்கத் தெரிந்த பாரத்தைக் கண்டு பயப்படு என்பது அவரிடம் நான் கற்றது. மூக்குப்பொடியை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது மச்சானிடம் வருகிறேன். அவருக்கு இரும்புப் பெட்டிப் பட்டறை. பூட்டும் பெட்டியும் எங்கள் ஊர்ச் சரக்கு என்று உங்களுக்குத் தெரியும். நகைக்கடையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத பெட்டி, அதுதான் அவர் தொழில். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், வளைகுடாவில் புதிதாக நகைக்கடை திறக்கிற ஒரு தமிழர் அவரிடம் ஆறு பெட்டிகள் கேட்டிருந்தார். கப்பலில் அனுப்பினால் திறப்பு விழாவுக்குச் சேராது என்ற நிலைமை வந்தது. மச்சான் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, உங்க ஏரோப்ளேன்ல எம் பெட்டி ஏறுமா?" என்று கேட்டார். யானையே ஏறும் மச்சான் என்றேன். அந்த வாரம் நானே போகிற சரக்கு விமானத்தில் துணி, காய்கறியோடு இடமும் கிடைத்தது. "பேக்கிங் மட்டும் கெட்டியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவர் சிரித்தார். கெட்டிக்குப் பேர் போன ஊரில் வந்து கெட்டியைப் பற்றிப் பேசுகிறாயா என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

இங்கே பெட்டி கட்டுகிற முறையைச் சொல்ல வேண்டும். மச்சானின் அப்பா காலத்திலிருந்து அந்தப் பட்டறைப் பெட்டிகள் லாரியில் தேசம் முழுக்கப் போகின்றன. ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லை என்பது அவர்கள் குடும்பத்துப் பெருமை. எப்படி என்றால், பெட்டியை வைக்கோல் புரி மெத்தையின் மேல் உட்காரவைப்பார்கள். சுற்றிலும் பலகைக் கூண்டு. கூண்டு பெயிண்டில் உரசக் கூடாது என்று நாலு பக்கமும் நாலு விரல் இடம் விட்டு, அதிலும் வைக்கோல் திணிப்பார்கள். பிறகு சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பலகையை மூடி ஆணி அடிப்பார்கள். பூசை போட்டு அடித்த ஆணியை வாங்குகிறவர்தான் நல்ல நேரம் பார்த்துப் பிடுங்க வேண்டும். வழியில் யாரும் கை வைக்கக் கூடாது.

லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கிளம்பியதும், பைபாஸ் தாண்டி முதல் டீக்கடையில் நிறுத்துவார்கள். டீக்காக மட்டும் இல்லை. அதுவரை குலுங்கியதில் வைக்கோல் அமுங்கி, பாரம் உட்கார்ந்து, கயிறு தளர்ந்திருக்கும். கிளீனர் மேலே ஏறி மறுபடி இறுக்குவார். டீக்கடைக் கட்டு என்றே அதற்குப் பெயர். அதற்குப் பிறகு பெட்டி ஊர் போய்ச் சேருகிற வரை அசையாது. ரோட்டுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது, நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் விமானத்துக்கு வழியில் டீக்கடை கிடையாது.

பெட்டிகள் வந்த அன்று மத்தியானம் நான் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் இருந்தேன். லாரிக்குப் பின்னாலேயே ஒரு வேன் வந்தது. மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில், பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறவர் போல இறங்கினார். கூடவே பட்டறை ஆட்கள், தூக்குவாளியில் புளிச்சோறு, ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். விமானச் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழமாம். அது முடியாது என்று விளக்க எனக்குச் செத்த நேரம் பிடித்தது.

எடை போட்டார்கள், சொன்ன எடை சரியாக இருந்தது. கூண்டுகளை அலுமினியத் தட்டுகளில் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கினார்கள். நான் ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தேன். கூண்டைத் தள்ளிப் பார்த்தேன். பாறை மாதிரி இருந்தது. மச்சான் பக்கத்தில் நின்று, "எப்புடி?" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். நானும் தலையாட்டினேன்.

டிராக்டர் முதல் தட்டை இழுத்துக்கொண்டு விமானத்தை நோக்கிக் கிளம்பியது. குறுக்கே இன்னொரு வண்டி வந்ததால் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். டிராக்டர் நின்றது, தட்டு நின்றது, கூண்டும் நின்றது. எல்லாம் நின்ற பிறகு, உள்ளேயிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது.

பெரிய சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் அம்மிக்கல்லைக் கீழே வைத்த மாதிரி. வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி நிற்கும்போதே வருகிற சத்தம் வண்டியினுடையது. நின்ற பிறகு வருகிற சத்தம், உள்ளே எதுவோ தனியாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். டிரைவரிடம் போய், கொஞ்சம் வேகமாக ஓட்டி இன்னொரு தடவை பிரேக் போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டார். நின்றது. தொம்.

"மச்சான், கூண்டைப் பிரிக்கணும்" என்றேன்.

அவருக்கு முதலில் நான் சொன்னது காதில் ஏறவில்லை. ஏறியதும், "எதை?" என்றார்.

"ஆறையும். உள்ள பெட்டி ஓடுது."

"எடை சரியா இருக்குன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"எடை சரிதான். அது ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது."

இரும்புப் பெட்டி ஓடுமா என்று பட்டறை ஆள் ஒருவர் சிரித்தார். ஓடுகிற தூரம் ஒரு சாண்கூட இருக்காது என்பது எனக்கும் தெரியும். அந்தச் சாண் பயமில்லை. ஒரு டன்னுக்கு மேல் இரும்பு, மூக்கு தூக்குகிற நேரத்தில், அந்த ஒரு சாண் ஓடி வந்து பின்பலகையில் மோதும். பலகை உடைந்தால் அதைச் சுற்றிய பட்டை தொளதொள என்று ஆகிவிடும். நாங்கள் கட்டியது பலகையைத்தான், பெட்டியை இல்லை. பிறகு அது பின்னால் இருக்கிற கூண்டையும் கூட்டிக்கொண்டு வாலுக்குப் போகும். அதை நான் மச்சானுக்குச் சொன்னேன். முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

மச்சானுக்கு ஒரு குணம் உண்டு. கோபம் வந்தால் மரியாதை கூடும். "சார்" என்றார் என்னை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "சார், இது பூசை போட்டு அடிச்ச ஆணி. எங்கப்பா காலத்துலருந்து ஒரு ஆணியக்கூட நடுவழியில புடுங்குனது கெடையாது. புடுங்குன பெட்டிய வாங்குனா கடை வெளங்குமான்னு அந்தப் பார்ட்டி கேப்பாரு. நா என்ன பதில் சொல்றது?"

"கட்டுனது சரியில்லன்னு சொல்லுங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் கறுத்துவிட்டது. "நீங்களுந்தான் அதுல போறீங்க. உங்களுக்குக் கெடுதல் வர்ற மாதிரி நா கட்டுவனா?" என்றார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் எனக்குக் கெடுதல் நினைக்க மாட்டார். எனக்குப் பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தவர். தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். நம் தொழிலில் எதிரி வந்து ஆபத்தை ஏற்றுவதில்லை. நல்லவர்கள், தங்கள் தொழிலை நன்றாகத் தெரிந்தவர்கள், முழு மனசோடு ஏற்றுகிறார்கள். எதிரி என்றால் முடியாது என்று சொல்வது சுலபம்.

இதற்குள் ஷிஃப்ட் மேனேஜர் வந்துவிட்டார். புறப்பட ஒதுக்கிய நேரம் நெருங்குகிறது, தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், பெட்டியை விட்டுவிட்டு மற்றதை ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் விட்டுவிட்டுப் போனால் திறப்பு விழாவுக்குப் பெட்டி இல்லை. மச்சான் ஒரு கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்கச் சொன்னால் மரியாதை இன்னும் கூடியது. "ஐயா பெரிய ஆபீசரு. ஐயா சொன்னா சரிதான். நா இப்புடியே இருந்துக்கிறேன்."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். செல்போனை எடுத்துத் தன் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா கோமதி, உம் புருசன் எம் பெட்டிய ஏத்த மாட்டேங்கிறாரு. பூசை போட்டத ஒடைக்கணும்கிறாரு. நீயே கேளு" என்று போனை என் கையில் திணித்தார்.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நான் எத்தனையோ கம்பெனிக்காரர்களிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். பெண்டாட்டியிடம் போனில் அறிக்கை கொடுத்தது அன்றுதான். என்ன நடந்தது என்று நாலு வரியில் சொன்னேன்.

கோமதி கேட்டாள், "நீங்க அதுல ஏறுறீங்களா?"

"ஆமா. நானும் போறேன்."

"அப்ப ஒடச்சுப் பாருங்க. அண்ணன்ட்ட குடுங்க."

போனைக் கொடுத்தேன். அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர் ம், ம் என்று மட்டும் சொன்னார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கூண்டை விட்டு இறங்கவில்லை.

அன்றைய கேப்டன் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். விமானத்திலிருந்து இறங்கி நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கிற வெள்ளை வேட்டியைப் பார்த்தார். என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நீங்க சரின்னு சொல்றீங்களா, இல்லையா?"

"இப்ப இருக்கிற மாதிரி இல்லை" என்றேன்.

"அப்ப நானும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மச்சானுக்கு ஒரு வணக்கம் வைத்து, நிழலில் போய் நின்றுகொண்டார். தாமதம் எவ்வளவு என்று கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பின்னாளில் நான் யாருக்காவது நல்ல கேப்டன் எப்படி இருப்பார் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த அம்மா நிழலில் நின்றதைத்தான் சொல்வேன்.

மச்சான் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே, கடப்பாரைய எடு" என்று பட்டறை ஆளிடம் சொன்னார். ஆள் பலகையில் கை வைக்கப் போனதும் தடுத்தார். "தள்ளு. நா அடிச்ச ஆணி, நானே புடுங்குறேன்." கிழக்கே பார்த்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதல் ஆணியைப் பிடுங்கினார்.

பலகை கழன்றது. திண்டுக்கல்லில் முழங்கால் உயரத்துக்கு இருந்த வைக்கோல் மெத்தை, அமுங்கி அப்பளமாகக் கிடந்தது. நாலு விரல் இடம் ஒரு சாணாக ஆகியிருந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்பலகையின் உள்பக்கம், வெளியே தெரியாதபடி, நீளமாக ஒரு விரிசல். பெட்டி மூலையின் பச்சைப் பெயிண்ட் அந்த விரிசலில் ஒட்டியிருந்தது. லாரியில் வந்ததிலும் டிராக்டரின் இரண்டு பிரேக்கிலும் அந்த வேலை நடந்திருந்தது. மச்சான் அந்த விரிசலில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. வெளியே எடுக்காமல் அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வைக்கோலையெல்லாம் வாரி வெளியே எறிந்தோம். ஆறு பெட்டிகளையும் வெறும் கட்டையின் மேல் உட்காரவைத்து, சுற்றிலும் மரக்கட்டை அடித்து நெருக்கி, சங்கிலியைப் பெட்டியின் மேலேயே போட்டுத் தட்டோடு பிணைத்தோம். பட்டறை ஆட்கள் கட்டை அறுத்துக் கொடுத்தார்கள். மேனேஜர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தூக்கினார். வந்த புளிச்சோற்றை மேனேஜருக்கும் கொடுத்தார்கள், அவர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. முதல் பெட்டியின் கதவுக்குக் குறுக்கே சங்கிலி போனபோது, மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, பெயிண்டுக்கும் சங்கிலிக்கும் நடுவில் செருகினார். கதவு முகம் மாதிரி, அதில் கீறல் விழக் கூடாது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். துணி நசுங்கும், நசுங்கினால் சங்கிலி தளரும்.

"துண்ட எடுத்துருங்க மச்சான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எடுத்தார். சங்கிலியை இறுக்கும்போது கரகரவென்று பெயிண்ட் பெயர்ந்தது. அவர் திரும்பி லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புறப்பட வேண்டிய நேரம் தவறிப்போய், மறு வரிசையில் நின்று, பொழுது சாய்வதற்கு முன்னால் கிளம்பினோம். விமானிகளுக்குப் பின்னால் என் இருக்கை. எனக்கு முதுகுப்பக்கம் மச்சானின் ஆறு பெட்டிகளும். மூக்கு தூக்குகிற அந்தச் சில நொடிகளும் இன்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. சக்கரம் உள்ளே மடங்கியதும் கேப்டன் அம்மா திரும்பிப் பார்க்காமலே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அன்றைக்கு அப்புறம் நான் வேலையில் இருந்தவரை, என் கண்ணெதிரே ஒரு பிரேக் போட்டுக் காட்டாத தட்டு எதுவும் விமானத்தில் ஏறியதில்லை. டிரைவர்கள் எனக்குப் 'பிரேக்கு சார்' என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் வைப்பார்கள்.

பெட்டிகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. கடையும் திறந்தது. ஆறு பெட்டி முகத்திலும் கீறல் இருப்பதாக வாங்கியவர் போனில் வருத்தப்பட்டாராம். மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசாமல் இருப்பதையும் அவர் மரியாதையாகத்தான் செய்வார். குலதெய்வக் கோயில் கிடா வெட்டுக்கு முறைப்படி அழைப்பு வந்தது. பந்தியில் அவரே பரிமாறினார். என் இலைக்கு வந்ததும் கரண்டி எப்படியோ எலும்பாகத் தேடி எடுத்தது. எனக்கு அப்புறம் உட்கார்ந்திருந்தவருக்கு ஈரல் விழுந்தது. கோமதி எதிர் வரிசையில் இதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

சில மாதம் இப்படியே ஓடியது. லீவில் வந்திருந்த ஒரு நாள் காலையில் பட்டறையிலிருந்து ஆள் வந்தார், முதலாளி வரச் சொன்னார் என்று. போனேன். நடுவில் ஒரு புதுக் கூண்டு நின்றது. இன்னொரு வெளிநாட்டு ஆர்டராம். மச்சான் என்னை வாங்க என்றுகூடச் சொல்லாமல், கூண்டை ஆட்களை விட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றி, தள்ளச் சொல்லி, சட்டென்று நிறுத்தச் சொன்னார். நின்றது. காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் இல்லை. உள்ளே பெட்டியைக் கட்டையோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். சூடம் காட்டிய தடமும் இருந்தது. போல்ட்டை எல்லாம் முறுக்கிய பிறகுதான் இப்போது பூசை போடுகிறாராம்.

"சரியா இருக்கா மாப்ள?" என்றார். சார் இல்லை, மாப்ள. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லா இருக்கு மச்சான்."

ஆட்களை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டூலை எனக்குத் தள்ளினார். அவர் தரையிலேயே குந்தினார். கொஞ்ச நேரம் கையில் இருந்த போல்ட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த டிராக்டர்காரன் பிரேக் போடலைன்னா?"

நான் பட்டைகளை இழுத்துப் பார்த்ததும், கூண்டைத் தள்ளிப் பார்த்ததும், அவருக்குத் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஏத்தியிருப்பேன் மச்சான். சரின்னு சொல்லிட்டு நானும் ஏறியிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கிய பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது. அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை, அவர் அப்பா செத்தபோதுகூட. இத்தனை மாதமும் கீறலுக்காகப் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"ராத்திரி தூக்கம் வர்றதில்ல மாப்ள" என்றார். "கோமதிக்கு நா எந்த மொகத்தோட போய்ச் சொல்லியிருப்பேன்?"

ஸ்டூலை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.